ஆள் சரியில்லை

ஏழு வருஷம் நான் கலெக்‌ஷன் வேலை பார்த்தேன். ஒரு தனியார் ஃபைனான்ஸில் தவணை வசூல். பெயர் வேண்டாம், அங்கே இப்போதும் எனக்குத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல், திங்கள்சந்தை, குளச்சல், அப்புறம் மார்த்தாண்டத்துக்கு உள்ளே இருக்கும் விளைகள், அதாவது தோப்பும் வீடுகளுமான சின்ன ஊர்கள், என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வீடு ஏறி இறங்க வேண்டும். கையில் நீளமான ஒரு நோட்டு. பெயர், லோன் நம்பர், தவணை, கட்டியது, பாக்கி, கடைசியில் சின்னதாக ஒரு கட்டம், ரிமார்க்ஸ். என் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். நாலு வார்த்தைக்கு மேல் எழுத இடம் கிடையாது என்பதால் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியதையே நானும் எழுதினேன். "ஆள் சரியில்லை." "கட்ட மனசில்லை." "ஏமாற்றுகிறார்." கொஞ்சம் வசதியான வீடு என்றால் மட்டும் மரியாதையாக "அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்."

ஒன்றைக் கவனியுங்கள், இந்த நாலில் மூன்று ஆளின் குணத்தைப் பற்றியது. அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒன்றும் இல்லை. இது எனக்கே ரொம்ப நாள் உறைக்கவில்லை. ஒரு பட்டம் இருந்தால் பிரமோஷன் கிடைக்கும் என்று தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்து, தக்கலை பஸ் ஸ்டாண்டிலும் பஸ்ஸிலுமாக உட்கார்ந்து படித்தபோதுதான் கண்ணில் பட்டது. பிரமோஷன் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

1967-ல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்று இரண்டு பேர் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனை. கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் கொடுத்து, எழுதியவரின் உண்மையான எண்ணம் என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். சிலரிடம் மட்டும், "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியும் படித்தவர்கள் ஆதரித்து எழுதியவனைக் காஸ்ட்ரோ ஆள் என்றுதான் சாய்ந்து சொன்னார்கள். நமக்கு இது புதுசா என்ன? பள்ளிக்கூடத்து பட்டிமன்றத்தில் டீச்சர் எனக்கு "குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் பணமே" என்ற அணியை ஒதுக்கினார், நானும் மனப்பாடம் செய்து தொண்டை கிழியப் பேசினேன், அன்றிலிருந்து பிளஸ் டூ முடியும்வரை வகுப்பில் எனக்குப் பட்டப்பெயர் "துட்டு". அணி ஒதுக்கும்போது எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

1977-ல் லீ ராஸ் என்ற உளவியலாளர் இந்தப் பழக்கத்துக்கு ஃபண்டமெண்டல் அட்ரிபியூஷன் எரர் என்று பெயர் வைத்தார். அடுத்தவர் செய்த காரியத்துக்குக் காரணம் தேடும்போது அவர் நின்ற சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிட்டு, குணத்தைக் கூட்டி மதிப்பிடுவது. நமக்கு நாமே காரணம் சொல்லும்போது இது பெரும்பாலும் தலைகீழ். நான் லேட்டாகப் போனால் பார்வதிபுரத்தில் டிராஃபிக், அவன் லேட்டாக வந்தால் பொறுப்பு கெட்டவன்.

சரி, பேர் தெரிந்துவிட்டது. ஆனால் பேர் தெரிந்ததால் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். புதுசாகக் கற்ற வார்த்தையை வைத்து மேனேஜரைத்தான் எடை போட்டேன். அவருக்கு அட்ரிபியூஷன் எரர் இருக்கிறது, அவர் குணமே அப்படி, என்று.

என்னை உலுக்கியது ஒரு கல்யாணம். கருங்கல் பக்கம் ஒரு மண்டபம், 2019. பந்தியில் உட்கார்ந்து பருப்பும் பப்படமும் முடிந்து, சாம்பார் முடிந்து, அடைப்பிரதமனை இலையில் ஊற்றி மட்டிப்பழத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறேன், எதிரே மொய் எழுதும் மேசையில் ஒரு முகம். என் நோட்டில் மூன்று தவணை பாக்கி உள்ள அக்கா. அண்டி ஆபீஸில் வேலை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், முந்திரி ஆலையைத்தான் எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்போம். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கறுத்த விரலால் மணிபர்ஸைத் திறந்து, நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் நாலை எடுத்து நீவி, எண்ணி, மேசையில் வைத்தார். இரண்டாயிரம். என்னிடம் அந்த வாரம் "ஒரு பைசா இல்ல தம்பி" என்று சொன்னவர். எழுதுகிறவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வேறு வாசித்தார்.

பாயசம் எனக்கு இறங்கவில்லை. மறுநாள் காலையில் ஏழு மணிக்கே போய் அவர் வாசலில் நின்றேன். நான் எதுவும் கேட்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மொய் வச்சதப் பாத்துட்டுத்தானே வந்திருக்க?"

"இல்லக்கா, ரெண்டாயிரம் இருந்துதுன்னா..."

"அது எனக்க ரூவா இல்ல மக்களே. மூத்தவளுக்க கல்யாணத்துக்கு அவங்க வச்சது. திருப்பி வச்சேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து திண்ணையில் விரித்தார். பழைய கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் கரையான் தின்றது. 2018 ஜனவரியில் மூத்த மகள் கல்யாணம். வீட்டுப் பேரோடு பெயர்கள், மேலவிளை, கிணற்றடி, பனவிளை என்று வரிசையாக, எதிரே தொகை. அந்தக் குடும்பம் அன்று வைத்தது இரண்டாயிரம், சரியாகத்தான் இருந்தது. என் கண் வேறொரு வரியில் நின்றது. குளச்சல் பக்கத்து ஒரு பெயர், நூறு ரூபாய், அதன் பக்கத்தில் வேறு மையில் சின்னதாக "ஒக்கி முடிஞ்ச சமயம்." 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்து, கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வராமல், கடற்கரை ஊர்கள் வாசலில் உட்கார்ந்து காத்திருந்த அந்த மாதங்கள். நூறு ரூபாய் குறைச்சலாகத் தெரியக்கூடாது, நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் யாரும் இந்த நூறை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்று எழுதி வைத்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, "மகன் ஆஸ்பத்திரியில்." இன்னொன்று, "வெட்டு இல்லாத மாசம்", அது ரப்பர் பால் வெட்டும் ஆள்.

எட்டாங்கிளாஸ் தாண்டாத அந்த அக்கா குறிப்பு எழுதிய விதத்தையும் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நான் எழுதிய விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1925-ல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பாலினேசியா, மெலனேசியா, வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை என்று பல சமூகங்களின் வழக்கங்களை அடுக்கி, நம் பழைய தர்ம நூல்களையும் தொட்டு, அவர் சொன்னது சுருக்கமாக இது: வெகுமதி என்பது பார்வைக்குத்தான் இஷ்டம், உள்ளே கட்டாயம். கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் வாங்கியாக வேண்டும், வாங்கினால் திருப்பியாக வேண்டும். இதைப் படிக்கும்போது மாஸ் நம்மூர் மண்டபத்தில் மைக் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கும். என் கண்ணில் அந்த அக்கா கடனைக் கட்டாதவர். அவர் கணக்கில் அவர் கடனைக் கட்டிவிட்டுத்தான் வந்தார். எங்கள் ஃபைனான்ஸை விடப் பழைய, விட முடியாத கடனை. தவணை தவறினால் நான் வந்து வாசலில் நிற்பேன், அவ்வளவுதான். மொய் தவறினால் இளையவள் கல்யாணத்துக்கு மண்டபம் காலியாக இருக்கும். இரண்டில் எதை முதலில் கட்டுவது புத்திசாலித்தனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்காக மொய் முறை புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. மொய் வைக்கவே வட்டிக்கு வாங்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன், அந்த மைக்கில் தொகையை வாசிக்கும் பழக்கத்தை நிறுத்தினால் பாதிப் பேர் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

எங்களுக்கு ஒருமுறை நாகர்கோவிலில் ஒரு ஓட்டல் ஹாலில் டிரெய்னிங் வைத்தார்கள். கோட் போட்ட ஒருவர் வந்து வீடியோ போட்டார். சின்னப் பிள்ளைகள் முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய், "நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் போய்விடுகிறார். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்களாம், முன்னேறினார்களாம். டிரெய்னர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் ஓவர்டியூ கஸ்டமர்கள் எல்லாம் அந்த மிட்டாயை உடனே தின்றவர்கள்." எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

அந்தச் சோதனையைத் தொடங்கியவர் வால்டர் மிஷெல், ஸ்டான்ஃபோர்டில். வேடிக்கை என்னவென்றால், மனிதனின் குணத்தை மட்டும் வைத்து அவன் நடத்தையைக் கணித்துவிட முடியாது, இடத்துக்கு இடம் ஆள் வேறாக நடந்துகொள்கிறான் என்று 1968-லேயே புத்தகம் எழுதி, உளவியல் உலகத்தில் பெரிய சண்டையைக் கிளப்பிவிட்டவரும் அதே மிஷெல்தான். அவர் மிட்டாயையே பிறகு குணத்துக்குச் சாட்சியாக ஊரெல்லாம் கொண்டு போனார்கள். 2013-ல் செலஸ்ட் கிட் என்பவரும் கூட இருந்தவர்களும் ராசெஸ்டரில் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தார்கள். மிட்டாய்க்கு முன்னால் பிள்ளைகளிடம், "படம் வரைய நல்ல கலர் பென்சில் கொண்டு வருகிறேன், பொறு" என்று சொல்லி, பாதிப் பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள், மீதிப் பேரிடம் "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று கை விரித்தார்கள். அப்புறம் மிட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தார்கள். கை விரித்தவரிடம் மூன்று நிமிஷம். 28 பிள்ளைகள்தான், சின்னச் சோதனை. ஆனால் 2018-ல் வேறு ஆட்கள் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பிள்ளைகளின் விவரத்தை எடுத்து, குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, காத்திருப்பதற்கும் பின்னாள் படிப்புக்கும் இருப்பதாகச் சொன்ன தொடர்பு பெரும்பகுதி கரைந்துபோனது.

எங்கள் பக்கத்தில் ஃபைனான்ஸ் என்று போர்டு வைத்து, அதிக வட்டி என்று ஆசை காட்டி, ஒருநாள் ஷட்டரைப் பூட்டிவிட்டுப் போனவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம். அப்பன் சேர்த்த பணம் அப்படிப் போன வீட்டில் வளர்ந்த ஒருவனிடம் போய் "நாளைக்காகச் சேர்த்து வை" என்றால், அவன் மூன்று நிமிஷம்கூடக் காத்திருக்காததில் என்ன ஆச்சரியம்.

தமிழ்நாட்டிலேயே செய்த ஒரு ஆய்வு இருக்கிறது, இது ஏன் இங்கே யாருக்கும் தெரியவில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்காரர்களுக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் மொத்தமாகப் பணம் வரும். அறுவடைக்கு முன்னால் நகை அடகில், கடை பாக்கி கழுத்துவரை. அறுவடை முடிந்தால் கொஞ்ச நாள் மூச்சு விடலாம். அதே ஆளை அறுவடைக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துச் சில புதிர்கள் கொடுத்தார்கள், படத்தில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிப்பது போல. அறுவடைக்கு முன்னால் அதே மனிதர்களுக்குத் தப்பு அதிகம், வேகம் குறைவு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நாலு பேரும் 2013-ல் இதை வெளியிட்டார்கள். கையில் காசு இல்லாதபோது மண்டைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, வேறு எதற்கும் இடம் கொடுக்க மாட்டேன் என்கிறது, அதுதான் அவர்கள் சொன்ன காரணம். எல்லா இடத்திலும் இது அப்படியே வந்துவிடவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் ஜூன் மாதம் குலசேகரம் பக்கம் மழை விடாமல் பெய்து ரப்பர் பால் வெட்ட முடியாமல், மூன்றாவது வாரமாகச் சும்மா இருக்கும் ஒரு ஆளிடம் நின்று வட்டிக் கணக்கு விளக்கியவன் நான். "ம்" என்பார், தலையாட்டுவார், ஒன்றும் உள்ளே போயிருக்காது. அவரே கார்த்திகை மார்கழியில், நான் வாய் திறக்கும் முன் பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்வார். நோட்டில் ஜூன் மாதம் நான் எழுதியது "புரிந்தும் புரியாத மாதிரி நடிக்கிறார்."

கடற்கரையைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. மேட்டில் இருக்கிறவர்கள், நானும் மேட்டுக்காரன்தான், சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு வாக்கியம் உண்டு: "கடப்புறத்துக்காரங்களுக்குக் காசு கையில நிக்காது." எங்கள் ஆபீஸிலும் இது சொல்லாமல் சொன்ன விதி, கடற்கரை பின்கோடு என்றால் கூட ஒரு ஜாமீன் கேட்பார்கள். எங்கள் மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. கிழக்கே சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு மாதம் படகு கரையில். போகாத நாளில் வருமானம் பூஜ்யம், மீன்பாடு கிடைத்த நாளில் ஒரே இரவில் மாதச் சம்பளம். மாதாமாதம் ஐந்தாம் தேதி ஒரே தொகை என்ற எங்கள் தவணை அட்டை கவர்மென்ட் சம்பளக்காரருக்காகத் தைத்த சட்டை. அதை அலையடிக்கும் வருமானக்காரருக்கு மாட்டிவிட்டு, சட்டை பொருந்தவில்லை என்றால் உடம்பைக் குறை சொன்னோம்.

1974-ல் டெய்லர், ஜக்கி என்று இரண்டு பேர் தென்னிந்தியாவில் அலுவலகக் குமாஸ்தாக்கள் முப்பது பேரிடம் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். எல்லாரும் இந்துக்கள். ஒரு கடைக்காரர் தாராளமாக நடந்துகொண்டார், ஒருவர் ஏமாற்றினார் என்பது போன்ற சின்னச் சின்ன நிகழ்ச்சிகள், சிலதில் ஆள் இந்து, சிலதில் முஸ்லிம். தன் மதத்து ஆள் நல்லது செய்தால் குணம், கெட்டது செய்தால் சூழ்நிலை. அடுத்த மதத்து ஆள் என்றால் அப்படியே திருப்பிப் போட்டார்கள். 1979-ல் தாமஸ் பெட்டிக்ரூ இதை விரித்து, தனி ஆள் மேல் செய்யும் பிழையை ஒரு கூட்டத்தின் மேல் மொத்தமாகச் செய்வது என்று கோட்பாடாக எழுதினார். அந்த முப்பது குமாஸ்தாக்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஆபீஸ் மேசைகள் ஞாபகம் வரும். எங்கள் விளையில் ஒருவன் தவணை தவறினால் "பாவம், பொண்டாட்டிக்கு சுகமில்ல." கடப்புறத்தில் தவறினால் ரத்தத்திலேயே அப்படி.

ஆனால் நம் ஆட்கள் எல்லாரும் எப்போதும் குணத்தைத்தான் பார்க்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. ஜோன் மில்லர் என்பவர் சிகாகோவிலும் மைசூரிலும் சின்னப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை விசாரித்து 1984-ல் எழுதினார். அதில் ஒரு கதை. ஒரு வக்கீல் பைக்கில் கோர்ட்டுக்குப் போகிறார், டயர் வெடித்துப் பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடி. வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கூட இருக்காமல் கோர்ட் வேலைக்குப் போய்விடுகிறார், அடிபட்டவர் பிறகு இறந்துபோகிறார். அமெரிக்கப் பெரியவர்கள் பொறுப்பில்லாதவர் என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். மைசூர்ப் பெரியவர்கள் அவருக்குக் கோர்ட்டில் கடமை இருந்திருக்கும், அடி அவ்வளவு பெரிசாகத் தெரிந்திருக்காது என்று சுற்றி இருந்ததைப் பார்த்தார்கள். எட்டு வயதில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வளர வளரத்தான் பிரிகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் பக்கத்து வீட்டில் நான் விசாரிக்கும்போது நடப்பது இதேதான். ஒரு கேள்விக்கு ஒரு கதை வரும். "அவளுக்க மாப்பிள கேரளத்துல வேலைக்குப் போனவன் ரெண்டு மாசமா பைசா அனுப்பல, இதுக்கெடையில மாமியாக்காரி வழுக்கி விழுந்து..." என்று. எனக்கு எரிச்சல் வரும். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எரிச்சல் வந்ததற்குக் காரணம் நேரம். அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சொல்ல விருப்பமில்லாத விஷயம்தான்.

ஒரு மார்ச் 31, வருஷக் கணக்கு முடியும் நாள். ஆறு மணிக்குள் பணத்தை ஆபீஸில் கட்டியாக வேண்டும். ஐந்தே முக்காலுக்கு ரோட்டு வளைவில் ஒரு வயசாளி சைக்கிளோடு சரிந்து கிடக்கிறார், கேரியரில் கட்டியிருந்த மரச்சீனிக் கிழங்கு ரோட்டில் உருண்டு கிடக்கிறது. கிழங்கை ஒதுக்கி வளைத்து ஓட்டியது ஞாபகம் இருக்கிறது. அவர் முகம் ஞாபகம் இல்லை. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேனா, எதுவுமே நினைக்கவில்லையா என்றுகூட இப்போது சொல்லத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் எந்த மதத்துப் பிள்ளைக்கும் நல்ல சமாரியன் கதை தெரியும், அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் பார்த்தும் விலகிப் போக, யாரோ ஒரு சமாரியன் தூக்கிவிட்ட கதை. 1973-ல் டார்லி, பேட்சன் இருவரும் பிரின்ஸ்டனில் குருமாணவர்கள் நாற்பது பேரை வைத்து இதையே சோதித்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய் ஒரு சின்னப் பேச்சு பேச வேண்டும், சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன். போகிற வழியில் ஒரு ஆள் வாசலோரம் சுருண்டு இருமிக்கொண்டு கிடக்கிறார், அவரும் சோதனைக்காரர்களின் ஏற்பாடு. அவசரமில்லை என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவி செய்தார்கள். "ஏற்கெனவே லேட், ஓடு" என்று விரட்டியவர்களில் 10 சதவீதம். பேசப் போவது சமாரியனைப் பற்றியா வேறு எதைப் பற்றியா என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. சிலர் கிடந்தவரைத் தாண்டி அடியெடுத்து வைத்தே போயிருக்கிறார்கள்.

படித்தபோது ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நான் மட்டும் இல்லை, பாதிரியாருக்குப் படிக்கிறவனே தாண்டிப் போயிருக்கிறான். அடுத்த நிமிஷம் அந்த நிம்மதியே உறுத்தியது. நின்று உதவிய அந்த 10 சதவீதமும் லேட்தானே. மில்கிராம் 1963-ல் வெளியிட்ட ஷாக் சோதனை எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்சாரம் பாய்ச்சச் சொன்னால் நாற்பதில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள் என்பது. அந்த 26-ஐத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதே அறை, அதே நாற்காலி, அதே சாம்பல் கோட்டுக்காரரின் அதட்டல், 14 பேர் பாதியில் எழுந்துவிட்டார்களே. நடத்தை என்பது ஆளும் சூழலும் சேர்ந்தது என்று குர்ட் லெவின் 1936-லேயே ஒரு சூத்திரம் மாதிரி எழுதி வைத்துவிட்டார், இதில் எது எத்தனை பங்கு என்று ஆளுக்கு ஆள் நாளுக்கு நாள் பிரித்துச் சொல்லும் தராசுதான் இன்னும் யார் கையிலும் இல்லை. என் நோட்டில் உண்மையிலேயே ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். ஒருவர் ஒரே நகையை, அதுவும் முலாம் பூசியதை, மூன்று இடத்தில் அடகு வைத்தவர், பங்களா வீடு, அவர் பேருக்கு நேரே நாங்கள் எழுதியது "அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்."

அந்த வேலையை விட்டு நாலு வருஷமாகிறது. இப்போது தக்கலையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. போன வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன், கடை ஒரு மாதம் சரியாகத் திறக்கவில்லை, பைக் லோன் இரண்டு தவணை நின்றுவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை வாசலில் பைக் சத்தம். அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏழு வருஷம் நான் உண்டாக்கிய சத்தம்தானே. தங்கச்சி மகனிடம் "மாமா வெளிய போயிருக்குன்னு சொல்லு மக்களே" என்று கிசுகிசுத்துவிட்டு அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவனுக்கு ஆறு வயசு. வாசலுக்குப் போய், "மாமா வெளிய போயிருக்குன்னு சொல்லச் சொன்னாவ" என்றான்.

வேறு வழியில்லாமல் வெளியே வந்தேன். இருபத்திரண்டு வயசு இருக்கும் பையனுக்கு, வெயிலில் வந்து முகமெல்லாம் வேர்வை. சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, போனில் ஆப்பைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தான். இப்போது நோட்டு கிடையாது, எல்லாம் ஆப். என்ன எழுதுகிறான் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தம்பி, ரிமார்க்ஸ்ல என்ன போட்ட?"

கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனைத் திருப்பிக் காட்டினான். அதில் எழுத இடமே இல்லை. ஐந்து வரிப் பட்டியல், ஒன்றைத் தொட்டால் போதும். அவன் தொட்டிருந்தது "வீட்டில் ஆள் இல்லை."

"நாந்தான் நிக்கியேனே?"

"அதத் தொட்டாத்தான் அண்ணே நாளைக்கு மறுபடியும் வரச் சொல்ல மாட்டாவ, அடுத்த வாரம்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டான்.